சுடலைக்கு மதில் கட்டுமுன் ஒரு படம் கீறுங்கள்

யாழ்ப்பாண மாநகர சபையின் முதல்வருக்கும் உறுப்பினர்களுக்கும், வலிகாமத்துப் பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும், சேமக்காலைகளைப் பராமரிக்கும் பங்குச் சபைகளுக்கும்,

வணக்கம்.

சுடலையைத் திருத்துவது என்றால் நம்மூரில் மூன்று வேலை. சுற்றிவர மதில், உள்ளே தகரக் கொட்டகை, வாசலில் வளைவு. வளைவில் காசு தந்தவரின் பெயர். வெளிநாட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் நிலத்துக்கு மாபிளும் பதித்துவிடுவார்கள், மழைக்கு வழுக்கும். யாருக்கும் இதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வெயிலுக்குள் நிற்கும் மகனை நினைத்து இந்த மூன்றில் ஒன்றையாவது யாரும் செய்ததாகத் தெரியவில்லை. அடுத்த விலைமனுவைக் கோருமுன் ஒரு கட்டடக்கலைஞரைக் கூப்பிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கட்டடப் படம் வரையும் தொழில் செய்பவள். நல்ல கட்டடக்கலைஞர்கள் அமைத்த கல்லறைகளையும் சவக்காலைகளையும் பார்ப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகும் ஒரு கூட்டம் உலகில் இருக்கிறது, அதில் நானும் ஒருத்தி. ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகப் பார்ப்பார்கள், நான் சவக்காலைக்கு எந்த பஸ் போகும் என்று கேட்பேன். அம்மாவுக்கு இது பிடிப்பதில்லை. “பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன சுடலை விடுப்பு” என்பா. சொந்த ஊர்ச் சுடலைக்குப் பெண்கள் போவதில்லை, படலையோடு நின்றுவிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இதைத் தொடங்கியது உங்களைப் போன்ற ஒரு நகர சபைதான். நகரின் தெற்கே புதிய சேமக்காலைக்கு நிலம் ஒதுக்கி, 1915இல் வடிவமைப்புப் போட்டி ஒன்றை வைத்தார்கள். வென்றவர்கள் குன்னார் ஆஸ்ப்லுண்ட், சிகூர்ட் லெவரென்ட்ஸ் என்ற இருவர். இருவருக்கும் அப்போது வயது முப்பதுதான். கிடைத்த நிலமோ பைன் மரக்காடும், சரளைக்கல் தோண்டி விட்ட குழிகளும். அந்த மரங்களுக்கு இடையிலேயே கல்லறைகளை வைத்தார்கள். நடுவே பெரிய புல்வெளி, அதற்கு அப்பால் மேடு. வேலை 1940 வரை நீண்டது. 1994இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இன்று கட்டடக்கலை படிக்கிறவர்கள் அங்கே போகாமல் இருப்பது குறைவு.

போய்ப் பார்த்தால் முதலில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. புல், வானம், ஒரு கற்சிலுவை, அவ்வளவுதான். மெல்ல மெல்லத்தான் பிடிபடும். தியானத் தோப்பு என்ற மேட்டுக்குப் போகும் படிகள் மேலே போகப்போக உயரம் குறைந்துகொண்டே போகின்றன. துக்கத்தோடு ஏறுகிறவருக்கு மூச்சு வாங்கக் கூடாது, உச்சிக்குப் போகையில் மனம் ஆறியிருக்க வேண்டும் என்று அப்படி அமைத்தார்களாம். தகனக் கட்டடத்துப் பெரிய வழிபாட்டு மண்டபத்தின் தரை, பெட்டி வைக்கும் இடத்தை நோக்கி மெதுவாகச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, கால் சொல்லும். லெவரென்ட்ஸ் கட்டிய உயிர்ப்புச் சிற்றாலயத்தில் நுழைவது ஒரு வாசலால், வெளியேறுவது இன்னொரு வாசலால். அழுத முகத்தோடு வருகிறவர்கள் அடுத்த சாவீட்டுக்காரருடன் முட்டுப்பட வேண்டியதில்லை. சனம் காத்திருக்கும் அறைகளின் வாங்குகளைக்கூட ஆஸ்ப்லுண்ட் தானே படம் கீறிக் கொடுத்தார்.

அந்த வாங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்மூர்தான் நினைவுக்கு வரும். ஒரு சா எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது? கொள்ளி வைத்தபின் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள்? கை கால் கழுவத் தண்ணீர் எங்கே? மூப்பான ஒருவர் இருக்க ஒரு கல்லாவது உண்டா? காடாத்துக்கு மறுபடி வருகிறவர்கள் சாம்பலை எங்கே குனிந்து அள்ளுகிறார்கள், அந்த இடத்தில் நிழல் விழுமா? இதெல்லாம் கட்டடக்கலைக் கேள்விகள். ஒப்பந்தகாரரிடம் விடை இருக்காது, அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கொட்டகை எத்தனை அடி என்று கேட்டீர்கள், அவர் சொன்ன அளவுக்குக் கட்டித் தந்தார்.

இன்னொரு வகைக் கல்லறையும் இருக்கிறது. இத்தாலியின் வடக்கே சான் வீத்தோ என்ற சின்னக் கிராமத்தில் பிரியோன் குடும்பத்தின் கல்லறை. கணவர் ஜூசெப்பே பிரியோன் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்யும் நிறுவனத்தை நடத்தியவர். அவர் இறந்தபின் மனைவி ஓனொரீனா, கார்லோ ஸ்கார்ப்பா என்ற கட்டடக்கலைஞரிடம் வேலையைக் கொடுத்தார். ஊர்ச் சேமக்காலையின் இரு பக்கத்தை ‘ட’ எழுத்து மாதிரி அணைத்துக்கொண்டு அந்த நிலம் கிடக்கிறது. உள்ளே தண்ணீர், கொங்கிறீட், ஒன்றையொன்று ஊடறுக்கும் இரு வட்டங்கள். வளைந்த பாலம் ஒன்றின் கீழே கணவன் மனைவி இருவரின் கற்பேழைகளும் ஒன்றை நோக்கி மற்றது சாய்ந்து நிற்கின்றன. ஸ்கார்ப்பா 1978இல் ஜப்பானில் படியால் விழுந்து இறந்தார். அவரையும் அங்கேதான், குடும்பத்து நிலமும் ஊர் நிலமும் சந்திக்கும் மூலையில் புதைத்தார்கள். பணக்கார வீட்டுக் கல்லறைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண் ஊர்ச் சேமக்காலையை ஒதுக்கி வைக்காமல் அதனோடு ஒட்டிக் கட்டச் செய்தார். நம்மூர் வளைவுகளுக்குக் கொட்டும் காசைப் பார்க்கும்போது, அனுப்புகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாம் என்று நினைப்பேன்.

ஸ்பெயினில் இகுவலாடா என்ற ஊரின் சேமக்காலையையும் விட மனமில்லை. என்ரிக் மிராயஸும் கார்மே பினோஸும் நிலத்தைக் கிழித்து இறங்கும் பாதை ஒன்றை அமைத்து, அதன் இரு கரையிலும் கல்லறை அறைகளை வைத்தார்கள். மிராயஸ் 2000இல் நாற்பத்தைந்து வயதில் இறந்து, தான் கட்டிய அந்த இடத்திலேயே அடக்கமானார்.

சரி, நாங்கள் எரிக்கிற சனம், எங்களுக்கு எதற்குக் கல்லறைக் கட்டடம் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எரிக்கிற சனமும் நினைவுக்குக் கட்டியிருக்கிறது, மிக நன்றாகவே கட்டியிருக்கிறது. வீதியோரச் சுமைதாங்கியைப் பாருங்கள். நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது. தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தூக்கக்கூடிய உயரம். அவள் இறக்காமல் போன பாரத்துக்காக வழிப்போக்கர் எல்லோருடைய பாரத்தையும் இறக்கிவைக்க ஒரு கல். நான் பார்த்த கல்லறைகளில் இதைவிடச் சிக்கனமாக, இதைவிடச் சரியாக யோசித்த ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. அதன் பக்கத்தில் மாடு முதுகு தேய்க்க ஆவுரோஞ்சிக் கல், குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் தள்ளி மடம். இவை எல்லாமே இறந்தவர் பெயரால் இருக்கிறவர்களுக்குச் செய்தவை. வீதி அகலிக்கும்போது சுமைதாங்கியைப் பெயர்த்து ஓரமாகப் போடுகிறீர்களே, அது நம் சனத்தின் கல்லறைக் கட்டடக்கலை. நம்மூர்ப் பழைய நினைவிடங்களின் பட்டியல் எடுக்கத் தொடங்கினால் முதல் வரியில் சுமைதாங்கிகளை எழுதுங்கள்.

துறவிகளை நாம் எரிப்பதில்லை. நீராவியடியில் கடையிற் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தெற்கே கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 2003இல் இறந்தபோது தகனம் செய்து, சாம்பலைப் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் அவர் ஆயுள் முழுக்கச் செதுக்கிய லுணுகங்கைத் தோட்டத்தின் கறுவாக் குன்றில் வைத்தார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே வந்து நடக்கிறார்கள். எரிப்பதற்கும் இடம் அமைப்பதற்கும் பகை இல்லை.

புதைத்த இடங்களோ இங்கே ஏராளம். ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த பெருங்கற்காலப் புதைகுழியில் தொடங்கலாம். கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706இல் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயத்தின் தரையில் எழுத்தும் குலச்சின்னமும் கொத்திய கல்லறைக் கற்கள் பதித்திருந்தன. அந்தக் கட்டடம் 1990இல் சண்டையில் சிதைந்து, இப்போது கல்லுக்குவியலாகக் கிடக்கிறது. கோட்டைக்கு வருகிற உல்லாசப் பயணிகள் மதிலில் ஏறிக் கடலைப் படம் பிடித்துவிட்டுப் போகிறார்கள். காலடியில் ஒரு தேவாலயமும் சவக்காலையும் இருந்ததென்று சொல்ல அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒழுங்கான வரைபடம் ஒன்று வேண்டும். இலங்கையிலுள்ள பழைய ஐரோப்பியக் கல்லறை எழுத்துகளை ஜே. பென்றி லூயிஸ் என்ற அரச உத்தியோகத்தர் 1913இல் தொகுத்து அச்சிட்டார், யாழ்ப்பாணமும் அதில் உண்டு. அந்தத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு எது மிச்சம், எது இல்லை என்று நடந்து பார்ப்பது இரண்டு மாணவருக்கு விடுமுறை வேலை.

அமெரிக்க மிசனரிமார் 1816இல் இங்கே வந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று நிலையம் அமைத்தார்கள். உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ 1833இல் அங்கேயே இறந்தபோது வயது முப்பத்தாறு. இந்த மிசன் ஊர்களின் பழைய கல்லறைகளில் இளம் மனைவிமாரும் கைக்குழந்தைகளும்தான் கூட. இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐக் கோடாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியவைதாம் தாமாகவே தொல்பொருள் ஆகும். பிந்திய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டுமானால் தனியே வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மிசனரிமார் ஒரு வருடம் பிந்தி வந்துவிட்டார்கள்! ஆகவே அவர்களுடைய கல்லறை ஒன்றைப் பெயர்த்துப் புதுக் கல்லறைக்கு இடம் எடுத்தால் தடுக்க வழக்கமாக யாரும் வரப்போவதில்லை. தொல்லியல் திணைக்களத்தின் பலகையைக் கண்டாலே வடக்கில் சனத்துக்கு வயிறு கலங்கும் காலம் இது, அதை நான் அறிவேன். அதனால்தான் இந்த வேலையை நீங்களும் பங்குச் சபைகளும் முந்திக்கொண்டு செய்ய வேண்டும் என்கிறேன்.

நவம்பர் 2ஆம் திகதி கொஞ்சேஞ்சி மாதா சேமக்காலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய நாட்களிலேயே குடும்பம் குடும்பமாக வந்து புல் பிடுங்கி, சிலுவைக்கு வெள்ளை பூசுவார்கள். அன்று பின்னேரம் மெழுகுதிரியும் பூவுமாக நிறைந்துவிடும். ஆள் இல்லாத கல்லறைகள் மட்டும் இருட்டில் நிற்கும், பிள்ளைகள் கனடாவில். பங்குச் சபைகளிடம் நான் கேட்பது சிறியது. வெள்ளை பூசும்போது பழைய கல்லின் எழுத்துக்கு மேல் பூச வேண்டாம். சீமெந்து பூசி ‘புதுப்பிக்க’ வேண்டாம். அதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் நினைவு மலர்களை நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வைத்திருப்பதால் எத்தனை குடும்ப வரலாறு தப்பியது! கல்லில் எழுதியதையும் அப்படித் தப்ப வைக்கலாம்.

முஸ்லிம்களின் மையவாடிகளைப் பற்றி நான் பேசுவதற்கு எல்லை உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது அவர்களுடைய இறந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த இடங்களில் எது செய்வதானாலும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரோடு இருந்து பேசியபின் செய்யுங்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விடயம். கண்டியில் இரண்டாம் உலகப்போர் வீரர்களின் மயானம் இருக்கிறது. 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழுவின் விதிப்படி அமைத்தது. 1918இல் ஃபிரெட்ரிக் கென்யன் எழுதிய அறிக்கை அந்த விதியை நிலைநிறுத்தியது: அதிகாரியோ சிப்பாயோ, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல். லட்டியன்ஸ் போன்ற பெரிய கட்டடக்கலைஞர்கள் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். ஏகாதிபத்தியத்தின் படைதான், இருந்தாலும் செத்தபின் ஒரே வரிசை. நம்மூரில் செத்தபின்னும் வரிசை வேறு. பல கிராமங்களில் சுடலை ஊருக்கு ஒன்றாக இல்லை, சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. 2017இல் புத்தூர்க் கலைமதிக் கிராமத்துச் சனம் தங்கள் குடிமனைகளுக்கு நடுவே இருக்கும் மயானத்தை அகற்றச் சொல்லிப் போராடியது உங்களுக்கு மறந்திருக்காது. எந்த நல்ல படம் கீறினாலும், எவர் பிணத்தையும் எவரும் தடுக்காத ஒரே நிலம் என்ற நிபந்தனை முதலில் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

ஒரே அளவுக் கல்லறைகளை வரிசையாக வைத்த நிலம் யாழ்ப்பாணத்திலும் இருந்தது. புலிகள் தங்கள் போராளிகளைப் புதைத்த கோப்பாய்த் துயிலும் இல்லத்தை, இராணுவம் குடாநாட்டைப் பிடித்தபின் இடித்தார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் மறுபடி கட்டினார்கள். போர் முடிந்தபின் மீண்டும் இடித்தார்கள். பிறகு அங்கே இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் எழுந்தது. அந்தக் கல்லறைகளின் கட்டடக்கலையைப் பற்றிப் பேச இன்று கல் இல்லை. உங்கள் சபைகளின் கையில் அது இல்லை என்பதும் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்துச் சவக்காலைகள் என்று யாராவது நூல் போட்டால், அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டாம்.

அப்புறம், செம்மணி. அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் 2025 பெப்ரவரியில் கட்டட வேலைக்குக் குழி தோண்டும்போதுதான் எலும்புகள் வெளிவந்தன. அதன்பின் நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றில் சிறு பிள்ளைகளுடையதும். அது சாட்சி நிலம். பயண வழிகாட்டியிலோ ‘மயானச் சுற்றுலா’ வரைபடத்திலோ அதைப் போட யாராவது யோசித்தால் அதே அமர்வில் மறுத்துவிடுங்கள். அங்கே போக வேண்டியவர்கள் காணாமல் போனவர்களின் தாய்மாரும் நிபுணர்களும். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை. இதிலிருந்து நடைமுறையில் ஒன்று: எந்தப் பழைய சுடலையிலும் அத்திவாரம் வெட்டும்போது மண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விலைமனு நிபந்தனையிலேயே எழுதுங்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரக்காரர் கண்ணை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நானே அந்த இனம் என்பதால். பாரிஸில் 1804இல் திறந்த பேர் லாஷேஸ் சவக்காலையில் எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டின் கல்லறையை உதட்டுச்சாயத்தோடு முத்தமிட்டு முத்தமிட்டே கல்லைப் பழுதாக்கினார்கள். 2011இல் சுற்றிவரக் கண்ணாடி வைக்க வேண்டி வந்தது. ரசிகர்கள் அவ்வளவு ஆபத்தானவர்கள். ஆகவே நுழைவுச்சீட்டு வேண்டாம், ஆனால் ஒழுங்கு வேண்டும். சா நடக்கும் நேரம் வெளியார் உள்ளே வரக் கூடாது. ட்ரோன் விடக் கூடாது. அழுகிறவர் முகத்தைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவருக்குத் தண்டம். இதை வாசலில் மூன்று மொழியில் எழுதி வையுங்கள். ஸ்டொக்ஹோமில் என்னைப் போன்றவர்கள் நடக்கும் அதே நேரத்தில் சவ அடக்கம் நடந்துகொண்டுதான் இருக்கும். இருவரும் இடிபடாதபடி பாதை அமைத்திருக்கிறார்கள். துக்கத்தோடு வருகிறவருக்காகக் கட்டியதால்தான் அந்த இடத்தைப் பார்க்கத் தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். உல்லாசப் பயணியை நினைத்துக் கட்டத் தொடங்கினால் இரண்டு தரப்பும் கெட்டுப்போகும்.

பெண்களின் கதைக்கு வருகிறேன் என்றேன். இப்போது சில வீடுகளில் பெண்கள் சுடலைக்கு வருகிறார்கள், மகள் கொள்ளி வைத்த வீடும் உண்டு. போகாதே என்று சொல்கிறவர்களோடு நான் இந்த மடலில் வாதாடப் போவதில்லை. ஆனால் வருகிற பெண் எங்கே நிற்பாள், மயங்கினால் எங்கே இருத்துவார்கள், மலசலகூடம் எங்கே? படம் கீறுகிறவரிடம் இந்தக் கேள்வியையும் கொடுங்கள். இடம் இருந்தால் வழக்கம் தானாகத் தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

ஆக, நான் கேட்பது இது. ஒரே ஒரு சுடலையைத் தெரிவு செய்யுங்கள், கோம்பயன்மணலோ வேறொன்றோ. அதற்கு வடிவமைப்புப் போட்டி ஒன்றை அறிவியுங்கள். இங்கே பிறந்து மொறட்டுவையில் படித்துவிட்டுக் கொழும்பில் தொடர்மாடிக்கும் வெளிநாட்டில் அடுத்தவர் சமையலறைக்கும் படம் கீறிக்கொண்டிருக்கும் இளம் கட்டடக்கலைஞர்கள் நமக்கு இருக்கிறார்கள். நிபந்தனைகளைச் சுருக்கமாக வையுங்கள்: எல்லோருக்கும் ஒரே நிலம், நிற்கும் வேம்பையும் பூவரசையும் வெட்டக் கூடாது, நூறு பேருக்கு நிழல், வருகிற வழியும் போகிற வழியும் வேறு, தண்ணீர், இருக்கை, பெயர் எழுதிய வளைவு இல்லை. நடுவர் குழுவில் சுடலையில் வேலை செய்கிற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும், புகை யார் முகத்தில் விழும் என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

போட்டி முடியும் வரை மதில் வேலைகளை நிறுத்தி வையுங்கள். தெரிவு செய்யும் நிலத்தை அளந்து, மரங்களையும் பழைய கற்களையும் குறித்து அடிப்படைப் படம் கீறித் தர நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன். சபையின் அனுமதிக் கடிதம் ஒன்று இருந்தால் போதும். இல்லாவிட்டால் காவலாளி என்னையும் வாசலில் நிறுத்திவிடுவார்.

இப்படிக்கு,
நல்லூரில் சோலைவரி கட்டும் ஒருத்தி